பேரிடர்க்கால வீடமைப்பும் கிறிஸ்தவத் தன்னார்வலர்களும்

இயற்கைப் பேரிடரில் வீடிழந்தவர்களுக்குக் கிறிஸ்தவ அமைப்புகள் உதவும் பணி தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வரலாறு கொண்டது. 1876–78 பஞ்சத்தில் கஞ்சி வார்ப்பதில் தொடங்கிய இப்பணி, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் முழுக் குடியிருப்புகளைக் கட்டும் அளவுக்கு விரிந்தது. உதவி யாருக்கு உரியது, வீடு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்ற இரண்டு கேள்விகள் இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றன.

ஆரணியும் தாது வருடப் பஞ்சமும்

இன்று பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி, அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆர்க்காடு மிஷனின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. பருவமழை பொய்த்ததால் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம், 'தாது வருடப் பஞ்சம்' என்று மக்களால் அழைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் பசியாலும் காலராவாலும் லட்சக்கணக்கானோர் இறந்தனர்.

தானிய விலை ஏறும்போது மக்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. எனவே பஞ்சம் உழவரைப் போலவே நெசவாளரையும் தாக்கியது. பஞ்சம் வீடுகளையும் அழித்தது. கூரையில் வேய்ந்த புல்லை மாட்டுக்குத் தீனியாகப் போட்டனர். மரச்சட்டங்களை விற்று உண்டனர். 1877இல் சென்னையில் வேண்டுகோள் விடுக்கப்பட்டு, லண்டன் மேயரின் தலைமையில் நன்கொடை திரட்டப்பட்டது. இந்த நிதியிலிருந்து விதை, மாடு ஆகியவற்றுடன் வீடுகளைச் செப்பனிடவும் பணம் வழங்கப்பட்டது. பல ஊர்களில் அதைப் பகிர்ந்தளித்த உள்ளூர்க் குழுக்களில் மிஷனரிகள் இடம்பெற்றனர்.

இப்பஞ்சத்தையொட்டித் திருநெல்வேலி உள்ளிட்ட பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபைகளில் சேர்ந்தனர். உதவிக்காக மதம் மாறினார்களா, சாதிக் கொடுமையிலிருந்து விலக வழி தேடினார்களா என்பது அன்று தொடங்கி இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. இதனால் திருச்சபை தரும் உதவியை ஐயத்தோடு பார்க்கும் வழக்கமும் ஏற்பட்டது.

அமைப்புகளின் தோற்றம்

1947இல் பிரிவினை அகதிகளுக்கு உதவுவதற்காகச் சீர்திருத்தத் திருச்சபைகளும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் இணைந்து நடத்தும் 'காசா' அமைப்பு உருவானது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாவைப் புயல் தாக்கியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின் கிழக்குக் கடற்கரையில் வீடுகளோடு புயல் பாதுகாப்பு மையங்களையும் கட்டுவது தொண்டு நிறுவனங்களின் பணியாயிற்று.

தன்னார்வலர்கள் குழுவாக வந்து கல்லும் மண்ணும் சுமக்கும் முறையை 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' பரப்பியது. மில்லார்ட் புல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய இக்கிறிஸ்தவ அமைப்பு, 1983இல் கம்மத்தில் தன் இந்தியப் பணியைத் தொடங்கியது. வீட்டைப் பெறும் குடும்பமும் உடலுழைப்பைத் தர வேண்டும் என்பது இதன் கொள்கை.

1994இல் பேரிடர் உதவிக்கான நடத்தை நெறி ஒன்று வகுக்கப்பட்டது. மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்று அது கூறுகிறது. செஞ்சிலுவை இயக்கத்துடன் உலகத் திருச்சபை மன்றம், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, சர்வதேச காரித்தாஸ் ஆகியவையும் இதை உருவாக்குவதில் பங்கேற்றன. பஞ்சக் காலத்தில் எழுந்த ஐயத்துக்குத் திருச்சபை அமைப்புகள் தாமே எழுத்தில் தந்த பதில் என்று இதைக் கொள்ளலாம்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். 2005 ஜனவரியில் அரசு ஒரு கூட்டு முறையை அறிவித்தது. நிலத்தை அரசு தரும். தொண்டு நிறுவனங்கள் குறைந்தது 50 வீடுகளையாவது கட்டித் தர வேண்டும். ஒரு வீட்டின் பரப்பு 300 முதல் 325 சதுர அடி, செலவு சுமார் 1.5 லட்சம் ரூபாய். உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். காசா, காரித்தாஸ் இந்தியா, மறைமாவட்டச் சமூகப்பணி மையங்கள், ஹேபிடட் ஆகியவை பிற சமய, சமயச் சார்பற்ற அமைப்புகளோடு இப்பணியில் இறங்கின.

திருச்சபையின் நிலை இரு கடற்கரைகளில் இருவேறாக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவர் ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். அங்கே கோட்டாறு மறைமாவட்டமும் பங்குப் பேரவைகளும் மக்களின் அன்றாட வாழ்வோடு கலந்தவை. நாகப்பட்டினக் கடற்கரையிலோ பெரும்பான்மையோர் இந்துக்களான பட்டினவர். அங்கே கிறிஸ்தவ அமைப்புகள் வெளியாராக வந்து ஊர்ப் பஞ்சாயத்தோடு பேசியே வேலை செய்ய வேண்டியிருந்தது. பஞ்சாயத்தின் பட்டியலில் இடம்பெறாத தலித் கூலித் தொழிலாளர் விடுபடும் ஆபத்தும் இருந்தது. எனவே பயனாளிகளைத் தேர்வது, கட்டுவதைவிடச் சிக்கலான வேலையாயிற்று.

வீட்டின் வடிவமும் சர்ச்சைக்குரியதாயிற்று. தட்டையான கான்கிரீட் கூரை கோடையில் வெப்பத்தை உள்ளே இறக்கியது. மரநிழலும் திண்ணையும் வலை பின்ன இடம் தந்த பழைய குடியிருப்பின் வசதி வரிசை வீடுகளில் இல்லை. புதிய வீடு பெறுவதற்காகச் சேதமடையாத பழைய வீடுகளும் மரங்களும் அகற்றப்பட்ட ஊர்களும் உண்டு. பெரும்பாலான வீடுகளை ஒப்பந்ததாரர்களே கட்டியதால், குடும்பங்களின் உழைப்பும் கருத்தும் சேரும் வாய்ப்பு குறைந்தது. இதற்கு மாறாக, 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் பெரும்பாலான குடும்பங்கள் அரசின் பண உதவியோடு தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்டன.

மதிப்பீடு

குறைகள் இருந்தாலும், குடிசையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டாவும் உறுதியான சுவரும் கிடைத்தன. பெண்கள் வீட்டுக்குச் சட்டப்படி பங்குதாரராயினர். உதவி யாருக்கு என்ற முதல் கேள்விக்கு நடத்தை நெறியும் அரசின் கூட்டு முறையும் ஓரளவு விடை தந்துள்ளன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டக் குடிசைகளைச் சாய்த்தபோது இரண்டாம் கேள்வி மீண்டும் எழுந்தது. அடுத்த புயலுக்குப் பின் செங்கல் இறக்கும் குழு எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும், வரைபடம் போடுமுன் அங்கு வாழப்போகிறவரைக் கேட்டதா என்பதைக் கொண்டே அதன் பணி மதிப்பிடப்படும்.