பிவா ஏரியில் புளூகில் மீன்: ஓர் அயலினத்தின் வரலாறு

முன்னுரை

வட அமெரிக்க நன்னீர்ச் சூரியமீன் வகைகளுள் ஒன்றான புளூகில் (லெப்போமிஸ் மேக்ரோகைரஸ்) 1960இல் ஜப்பானை அடைந்தது. உணவுமீனாக வரவேற்கப்பட்ட இது, 2005இல் நடைமுறைக்கு வந்த அயலினச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட வேண்டிய உயிரினமாயிற்று. இம்மாற்றத்தின் காரணங்களை அம்மீனின் உயிரியல் இயல்புகளோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வாழிடமும் இனப்பெருக்கமும்

1819இல் ராஃபினெஸ்க் இவ்வினத்திற்கு அறிவியல் பெயரிட்டார். பேரேரிகளும் மிசிசிப்பி வடிநிலமும் இதன் தாயகத்தில் அடங்கும். தேங்கிய நீரும் மெதுவாக ஓடும் ஆறும் இதற்கு ஏற்றவை. ஆண்மீன்கள் ஆழமற்ற கரையோரங்களில் கூட்டமாகக் குழிக்கூடுகள் அமைக்கின்றன. முட்டைகளுக்குத் துடுப்பால் நீரை விசிறி, பகைமீன்களை விரட்டிக் காக்கின்றன. கூடு அமைக்காத சிறிய ஆண்மீன்கள் மறைந்து புகுந்தோ பெண்மீன்போல் நடித்தோ முட்டைகளைக் கருவுறச் செய்வதும் உண்டு. பூச்சிகள், மிதவையுயிரிகள், நத்தைகள், பிற மீன்களின் முட்டைகள் எனக் கிடைப்பதை உண்ணும் இயல்பு இதற்குண்டு.

ஜப்பானில் பரவல்

1960இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி இம்மீன்களை அன்பளிப்பாக அளித்தார். இளவரசர் அவற்றை அரசு மீன்வள ஆய்வகத்திடம் ஒப்படைத்தார். அங்குப் பெருக்கப்பட்ட மீன்கள் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன. பிவா ஏரிப் பகுதியில், முத்துச்சிப்பி வளர்ப்பில் சிப்பியின் இளவுயிரிகளைத் தாங்கும் மீனாக இதனைப் பயன்படுத்தும் முயற்சியும் நடைபெற்றது. வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை ஏரியை அடைந்தன. 1990களில் அவை பெருமளவில் பெருகின.

ஜப்பானிய புளூகில்கள் அனைத்தும் அயோவா மாநிலத்தின் குட்டன்பெர்க்கில் பிடிக்கப்பட்ட 15 மீன்களின் வழிவந்தவை என்பதை மைட்டோகாண்டிரிய மரபணு ஆய்வு காட்டியுள்ளது. தொடக்க எண்ணிக்கை சிறிதாயிருப்பின் அயலினம் தானே அழியும் எனும் நம்பிக்கையை இச்சான்று தகர்க்கிறது.

விளைவுகள்

பிவா மிகத் தொன்மையான ஏரி. அதற்கே உரிய மீனினங்கள் பலவற்றைக் கொண்டது. அவற்றுள் நிகோரோபுனா, புனாசுஷி எனும் மரபுவழிப் புளிப்பூட்டிய உணவுக்கு அடிப்படையாகும். இத்தகைய மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் புளூகில் உண்கிறது. நாணற்கரைகள் அழிந்தமையும் அயல்நாட்டுப் பாஸ் மீனின் பெருக்கமும் இவ்விழப்பைக் கூட்டின. எனவே வீழ்ச்சி முழுவதையும் புளூகில் மீதே சுமத்துதல் பொருந்தாது. பிடிபட்ட புளூகிலை மீண்டும் ஏரியில் விடுவதை ஷிகா மாகாணத்தின் ஒழுங்குவிதி 2003 முதல் தடைசெய்தது. 2007இல் ஷிகாவில் நடைபெற்ற விழாவொன்றில், மீனியல் ஆய்வாளருமான பேரரசர் அகிஹிட்டோ, தாம் கொணர்ந்த மீனால் நேர்ந்த நிலை குறித்து மனவருத்தம் தெரிவித்தார்.

முடிவுரை

எளிதில் பெருகுதல், பலவகை உணவை ஏற்றல், குஞ்சுகளைக் காத்தல் ஆகிய பண்புகளே இம்மீனை வளர்ப்புக்கு உகந்ததாகக் காட்டின. ஏரியில் அதனைத் தடுக்க இயலாததாக்கியவையும் அவையே. ஆகவே ஓர் இனத்தை அறிமுகம் செய்வோர் அதன் பயனை மட்டுமன்றி, அது கைமீறினால் எவ்வாறு வாழும் என்பதையும் முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பதே பிவா ஏரியின் வரலாறு உணர்த்துவதாகும்.