சந்தையில் வளர்ந்த சிறு முதல்

சிறு வியாபாரம் ஒன்றைத் தொடங்க எண்ணுபவர் முதற்கண் கவலை கொள்வது பணத்தைப் பற்றியே. கடன் எங்கே கிடைக்கும், வட்டி எவ்வளவு, அதை எப்பொழுது அடைப்பது என்றே அவர் மனம் கணக்கிடுகிறது. ஆயினும் நம் நாட்டு வணிக வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போமாயின் வேறோர் உண்மை புலனாகும். கையில் சிறு முதலே உடையவர் பலர் முன்னுக்கு வந்தது, பொருளைக் கொணர்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் சந்திக்கும் ஓர் இடம் அவர்களுக்கு வாய்த்தமையால்தான். ஹைதராபாத்தின் கடைவீதிகளை எடுத்துக்கொண்டு இதனை நாம் ஆராயலாம்.

அந்நகரை 1591ஆம் ஆண்டில் முகம்மது குலி குதுப் ஷா நிறுவினார். அதற்கு முன்னரே கோல்கொண்டாவின் பெயர் வைரத்தினால் உலகெங்கும் பரவியிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதிகளுக்கு வந்த பிரெஞ்சு இரத்தின வணிகர் டவர்னியர், கோல்கொண்டாவிலிருந்து ஐந்து நாள் பயணத்தில் இருந்த ராவொல்கொண்டாச் சுரங்கத்தில் தாம் கண்ட காட்சி ஒன்றை விவரித்துள்ளார். நம் பொருளுக்கு அது மிகவும் ஏற்றது.

காலைதோறும் ஊரின் நடுவேயுள்ள மரத்தடியில் வணிகர் வீட்டுச் சிறுவர்கள் வந்து அமர்வார்களாம். வயது பத்துக்குக் குறையாது, பதினாறுக்கு மிகாது. ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒருபுறம் எடைக்கற்கள் கொண்ட பை. மறுபுறம் பொன் முடிந்த பணப்பை. சிலரிடம் 500, 600 வராகன்கூட இருக்குமாம். இது சிறு முதலா என நேயர்கள் வியக்கலாம். வைர வணிகத்தில் இது சிறு முதலே. எவரேனும் ஒரு கல்லைக் கொணர்ந்தால், அச்சிறுவர்களுள் மூத்தவனிடம் தருவார். அவன் அதை நோக்கிவிட்டுப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பான். ஒரு சொல்லும் இன்றிக் கல் கை மாறிக் கை மாறி, முடிவில் அவனிடமே திரும்பி வரும். பிறகுதான் அவன் விலை பேசுவான். விலையை மிகுதியாகக் கொடுத்துவிட்டானாயின் அக்கல் அவன் கணக்கிலேயே சேரும், பிறர்க்கு நட்டமில்லை. மாலையில் அன்று வாங்கிய கற்களை எல்லாம் ஒன்று கூட்டி, நீரோட்டமும் எடையும் தூய்மையும் பார்த்து வகைப்படுத்திப் பெருவணிகரிடம் விற்பார்கள். ஆதாயம் அனைவர்க்கும் சமபங்கு. தலைவனுக்கு மட்டும் நூற்றுக்குக் கால் பங்கு கூடுதல்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். தனியொரு சிறுவனுக்கு ஒரு கல்லின் குணத்தை உறுதியாக அறியும் அனுபவம் போதாது. மரத்தடியில் அமர்ந்த பத்துக் கண்கள் ஒரே கல்லைப் பார்த்தபோது அந்தக் குறை நீங்கிற்று. விற்க வருபவருக்கும் வீடு வீடாக அலையும் தொல்லை இல்லை. ஒரு மரத்தின் நிழலே அவர்களுக்குக் கடையாகவும் பள்ளியாகவும் அமைந்தது.

இனிச் சார்மினாருக்கு மேற்கே செல்லும் லாட் பஜாருக்கு வருவோம். அரக்கு வளையலுக்கு இவ்வீதி பெயர் பெற்றது. அரக்கைக் கரியடுப்பின் அனலில் இளக்கிப் பிசைந்து, கோலாக உருட்டி, வட்டமாக வளைத்து இணைத்து, சூடு ஆறுமுன் அதன்மேல் கண்ணாடித் துண்டுகளையும் கற்களையும் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். திருமணக் காலங்களில் அவ்வீதியில் நடக்க இடம் இராது. மணப்பெண் தன் சேலையையோ துப்பட்டாவையோ கொணர்ந்து காட்டி, அந்நிறத்திற்கேற்ப வளையல் கேட்கிறாள். கை சற்றுப் பருத்திருந்தால் அதற்கேற்ற அளவு வேண்டும். இத்தகைய வேண்டுகோளைக் கேட்டு உடனே நிறைவேற்ற வல்லவன், செய்யும் இடத்திற்கு அருகிலேயே விற்கும் சிறு தொழிலாளியே. தொலைவில் உள்ள பெரிய ஆலைக்கு அது இயலாது. மலிவான கண்ணாடி வளையல்களும் பிளாஸ்டிக் வளையல்களும் வந்து குவிந்த பின்னரும் அரக்கு வளையல் பிழைத்திருப்பதற்கு இதுவே தலையாய காரணம் என்பது நம் கருத்து.

ஆனால் இக்கதையின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. வீதியில் கடை உள்ளவர் வேறு, பழைய நகரின் சந்துகளில் அமர்ந்து கல் பதிப்பவர் வேறு என்றாகிப் பல காலம் ஆயிற்று. உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி வாங்கும் பெண்கள், தாம் செய்த வளையலை அணிபவள் முகத்தைக் காண்பதே இல்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பகுதி வளையல் பட்டறைகளைச் சோதனையிட்ட போலீசார், அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த சிறுவர்களை நூற்றுக்கணக்கில் மீட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பீகாரிலிருந்து கொணரப்பட்டவர்கள். மரத்தடியில் அமர்ந்த சிறுவரின் வயதேதான் இவர்களுக்கும். அவர்களுக்குப் பங்கு இருந்தது. இவர்களுக்குச் சந்தை எத்திசையில் உள்ளது என்பதுகூடத் தெரிந்திராது. 2024ஆம் ஆண்டில் ஹைதராபாத் அரக்கு வளையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேற்றூர்ப் போலிகளிலிருந்து இந்தப் பெயரைக் காக்க அது உதவும். கூலியை அது உயர்த்துமா என்பது வேறு கேள்வி.

1908ஆம் ஆண்டு மூசி நதி பெருகி நகரை அழித்தது. அதன் பின்னர் 1912இல் நகர அபிவிருத்திக்கென ஒரு வாரியம் ஏற்பட்டது. அகன்ற சாலைகளும் புதிய கட்டடங்களும் எழுந்தன. நிஜாம் உஸ்மான் அலி கான் காலத்தில், 1935இல், கருங்கல்லால் கட்டப்பட்டு மணிக்கூண்டுடன் விளங்கிய மொஜாம் ஜாஹி மார்க்கெட் அவற்றுள் ஒன்று. அவருடைய இளைய மகனின் பெயரைத் தாங்கியது அது. பழங்களுக்குப் பெயர்போன அந்த மார்க்கெட்டின் அருகில், தேசப் பிரிவினையின்போது சிந்து நாட்டிலிருந்து வந்த கான்சந்த் ராம்நானி என்பவர் 1953இல் ஒரு ரொட்டிக் கடை திறந்தார். விட்டு வந்த ஊரின் நினைவாகக் கராச்சி பேக்கரி எனப் பெயரிட்டார். இன்று அதன் பழ பிஸ்கோத்தை அறியாதார் சிலரே. உறவும் ஊரும் இழந்து வந்தவர்க்கு, ஏற்கெனவே கூட்டம் கூடும் ஓர் இடம் எத்துணைப் பெரிய முதல் என்பதை இதனால் உணரலாம்.

உழவரைப் பற்றிச் சொல்லாவிடில் இப்பேச்சு முற்றுப்பெறாது. நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கத்தரியும் தக்காளியும் கீரையும் விளைவிப்போர் நெடுங்காலமாக மண்டிகளை நம்பியே வாழ்ந்தனர். இரவெல்லாம் வண்டியில் வந்து, விடியுமுன் தரகரிடம் மூட்டையை இறக்கி, அவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அதே காய் நகரத்து இல்லத்தரசியின் கூடைக்குச் செல்வதற்குள் பன்மடங்கு விலையேறிவிடும். 1999ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், அன்று ஒன்றுபட்டிருந்த ஆந்திரப் பிரதேச அரசு ரைத்து பஜார் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ரைத்து என்றால் தெலுங்கில் உழவன். ஹைதராபாத்தில் எர்ரகட்டா, மெஹதிப்பட்டினம் முதலிய இடங்களில் இவை அமைந்தன. அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதை நம் நேயர்கள் நினைவுகூர்வார்கள்.

இதன் முறை எளிது. விளைவிப்பவர் என அதிகாரிகள் ஆராய்ந்து அடையாள அட்டை வழங்குவர். அட்டை உடையவருக்கு விற்க இடம் உண்டு. அதற்கு வாடகை இல்லை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பர். மொத்த விலையைவிட அது மிகும், சில்லறைக் கடை விலையைவிடக் குறையும். தரகருக்குப் போன பங்கில் ஒரு பகுதி உழவனுக்கும் மறு பகுதி வாங்குபவருக்கும் சேர்கிறது.

இதில் ஓர் இடர் உண்டு. தராசின் பின்னால் அமர்ந்திருக்கும் நேரத்தில் உழவன் வயலில் இருக்க முடியாது. வீட்டில் மனைவியோ மகனோ துணைக்கு இருந்தால் ஒருவர் பயிரையும் ஒருவர் சந்தையையும் பார்க்கலாம். தனியாள் என்ன செய்வார்? அட்டையை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது எளிய வழியாகத் தோன்றும். இவ்வாறே உழவர் பெயரில் வியாபாரிகள் உள்ளே புகுந்தனர் என்ற முறையீடு திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே எழுந்தது. ஆகவே காலையில் சந்தையைச் சுற்றிவரும் அலுவலரின் வேலை காய்களின் விலையைச் சரிபார்ப்பதோடு முடிவதில்லை. அட்டையில் உள்ள முகத்தையும், தராசுக்குப் பின்னால் உள்ள முகத்தையும் அவர் மாறிமாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.