உயரம் என்னும் எண்

வன்னி பெரும்பாலும் சமநிலம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய அரச விமானப்படை வவுனியாவில் தளம் அமைத்தபோது, அங்கு இறங்கிய விமானிக்கு மலையைப் பற்றிய அச்சம் இருந்திராது. ஆயின், அங்கிருந்து தெற்கே பறக்கும் ஜெட் விமானம் அரைமணி நேரத்துக்குள் மலைநாட்டின் மேல் நிற்கும்.

வன்னிக் கமக்காரன் குளத்து அளவுகோலைப் பார்த்து, இத்தனை அடி நீர் என்பான். அந்த எண் அக்குளத்துக்கே உரியது, அயற்குளத்துக்கு உதவாது. விமானத்தின் உயரமானியும் அத்தகையதே. கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று அது சொல்லும். கீழே இருப்பது வயலா மலையா என்று சொல்லாது.

ஓட்டோபைலட் எனப்படும் தன்னியக்கச் செலுத்தி இவ்வெண்ணுக்கு அடிமை. விமானி குமிழைத் திருகி 2000 என்று வைத்து இறக்கினால், அது 2000 அடியிற் கொண்டுபோய் நிறுத்தும். ஏன் என்று கேளாது. முகிலினூடே கருவிகளை நம்பி இறங்கும் வழியில், இன்ன இடம்வரை இன்ன உயரத்துக்குக் கீழே போகலாகாது என்று வரைபடம் விதிக்கும். அவ்விடத்தைக் கடந்தது உறுதியான பின்னரே அடுத்த எண்ணை வைத்தல் வேண்டும். ஓடுபாதையருகிலிருந்து வரும் இறங்குகதிரை இயந்திரம் பற்றிக்கொண்டபின் அது அந்த எண்ணைப் பாராமல் கதிர்வழியே இறங்கும். ஆகவே, தரையிறங்க இயலாவிடின் மீண்டும் ஏறவேண்டிய உயரத்தை விமானி அப்போதே அங்கு வைத்துவிடுவார். கேட்க எளிது; இருளில், களைப்பில், அத்துணை எளிதன்று.

1974 டிசெம்பர் 4ஆந் திகதி இரவு, சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேருடன் வந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் கட்டுநாயக்காவை நோக்கி இறங்கிற்று. 2000 அடிவரை இறங்க அதற்கு அனுமதி கிடைத்தது. விமான நிலையம் கிட்டிவிட்டதென விமானிகள் எண்ணினர். உண்மையில் அது ஏறக்குறைய 40 கடல்மைலுக்கு அப்பால் இருந்தது. மஸ்கெலியாப் பகுதியில், சப்த கன்னியர் மலைத்தொடரில் 4000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் விமானம் மோதிற்று. பணியாளர் 9 பேரையும் சேர்த்து 191 பேரும் மாண்டனர். விமானத்தின் டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமையால் தம் இடத்தைத் தவறாகக் கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே பறந்தனர் என்பது விசாரணையின் முடிவு. 2000 என்ற எண் கட்டுநாயக்காவுக்குத் தகும். அந்த மலைக்குத் தகாது.

இதற்கு மூன்றே நாள் முன்பு, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டனை நெருங்கிய போயிங் 727 ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்தனர். வரைபடத்திலிருந்த 3400 என்ற எண்ணை அவ்விமானிகள் கண்டனர். அதைப் பற்றிப் பேசவுஞ் செய்தனர். எனினும், அணுக அனுமதி கிடைத்தமையால் 1800 அடிக்கு இறங்கலாமெனத் துணிந்தனர். அதன் பின்னரே, நிலம் நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களிற் பொருத்துவதை அமெரிக்கா கட்டாயமாக்கிற்று.

இலங்கையின் துயரம் அத்துடன் ஓயவில்லை. 1978 நவம்பர் 15ஆந் திகதி இரவு, ஜித்தாவிலிருந்து சுராபாயாவுக்குத் திரும்பிய யாத்திரிகரைச் சுமந்த ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்கா ஓடுபாதையை எட்டுமுன் தோட்டத்தில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டனர். விமானிகள் உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் கருவிகளிற் சரிபார்க்கவில்லை என்றும், குறித்த உயரங்களை உரக்கச் சொல்லவேண்டிய துணைவிமானி சொல்லவில்லை என்றும் இலங்கை விசாரணை கண்டது. ஐஸ்லாந்து தரப்பினரோ, நிலையத்தின் இறங்குகதிர்க் கருவியிலேயே குறை கண்டனர்.