அரைத்த ஆளி விதை: எவ்வளவு, எப்படி?

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். அரைத்தால்தான் அதன் சத்து உடம்பில் சேரும். அரைத்த ஒரு மேசைக்கரண்டியில் (7 கிராம்) சுமார் 2 கிராம் நார்ச்சத்தும் 1.6 கிராம் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. நாளுக்கு 40 கிராமை மூன்று வேளையாகப் பிரித்து உண்பது கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவும் என்பதைக் கனடா சுகாதார அமைச்சு 2014இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் மரவள்ளியில் இருப்பதுபோல, சயனைட்டை வெளிவிடும் இயற்கைப் பொருட்கள் இதிலும் உள்ளன. அரைத்தால் அது கூடுதலாக வெளிப்படும். அதனால் வேளைக்கு 15 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது ஜேர்மனி. சுவீடனோ அரைத்ததையே தவிர்க்கச் சொல்கிறது. கனடாவின் கணக்கைப் பிரித்துப் பார்த்தாலும் வேளைக்குச் சுமார் 13 கிராம்தான். ஆகவே இரண்டு மேசைக்கரண்டி ஒரு வேளைக்கு உச்ச அளவு. ஒன்றில் தொடங்குவது நல்லது. ரொட்டிமாவில் கலந்து நன்றாகச் சுட்டால் அந்த நஞ்சு குறையும்.

தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குடல் அடைபடக்கூடும். இரத்தம் உறையாமலிருக்கவும் நீரிழிவுக்கும் மருந்து எடுக்கும் பெரியவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். அரைத்ததை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காறல் மணம் வந்தால் வீசிவிடுங்கள்.