வயலுக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர்: பிக்கப், ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் பிக்கப் ஒரே நாளில் மூன்று தரையைப் பார்க்கிறது. தோட்டத்து வண்டிப்பாதை, ஊர்ச் செம்மண் ரோடு, அப்புறம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தார்ச்சாலை. ஆகவே 'பெரிய பட்டன் டயரா கொடுங்க' என்று கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

டயர்களில் ஹெச்.டி. என்பது தார்ச்சாலைக்கானது, பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். எம்.டி. சேற்றுக்கானது; பட்டன் பெரிது, இடைவெளியும் அகலம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.டி. நம்மில் பலருக்கு எம்.டி. மீதுதான் கண். ஆனால் அது தாரில் சீக்கிரம் தேயும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். தினமும் மண்பாதையும் தார்ச்சாலையும் கலந்து ஓடுபவர்களுக்கு ஏ.டி. போதும். மண்பாதை அரை கிலோமீட்டர்தான் என்றால் ஹெச்.டி.யே போதும். கரிசல் மண்காரர்கள் ஓரப் பள்ளங்கள் அகலமான ஏ.டி.யாகப் பாருங்கள், நெருக்கமான பட்டனில் களி அப்பிக்கொண்டால் அது மொட்டை டயர் மாதிரிதான். அடைமழைக்குப் பிறகு கரிசலில் எந்த டயரும் கைகொடுக்காது. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு டிராக்டரில் சரக்கைக் கொண்டுவருவதே நல்லது.

அடுத்து, டயர் பக்கவாட்டில் உள்ள எண். '215/75 ஆர் 15 100 எஸ்' என்றிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 15 அங்குலம். கடைசியில் வரும் 100தான் முக்கியம்: சரியான காற்றில் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 'எஸ்' வேக வரம்பு, நமக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரே அளவில் சுமை எண் குறைந்த டயரும் விற்கிறார்கள். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். வண்டியின் சொந்த எடையும் இந்தக் கணக்கில் சேரும். சரக்கு ஏற்றினால் பெரும்பகுதி பின் டயர்கள் மேல்தான் உட்காரும்.

சீமைக் கருவேல முள் பட்டன் பகுதியில் குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பருத்திக்கட்டையோ கல்லோ பக்கச்சுவரைக் கிழித்தால் டயரை மாற்றத்தான் வேண்டும். அதனால் பக்கச்சுவர் தடித்த, பிளை எண் கூடிய டயராகக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்புத் தேதியும் பாருங்கள். '2324' என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். இது தலைகீழ். காற்று குறைந்தால்தான் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, பாரத்தோடு போகும்போது வெடிக்கும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவுப்படி, காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள். சேற்றில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் இறக்கினாலும், தார்ச்சாலை ஏறும் முன் நிரப்பிவிட வேண்டும். கையில் பம்ப் இல்லையென்றால் இறக்கவே வேண்டாம்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கால் சமாளிப்பது கடினம். பள்ளத்துக்குள் தெரியும் சிறு மேடு 1.6 மில்லிமீட்டர், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன் 3 மில்லிமீட்டருக்கும் கீழே இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.