தலைக்கயிற்றுப் பழக்கம் (நாகு)

இன்னும் கன்று ஈனாத இளம் பசுவான நாகு முகத்தில் கயிறு ஏற்கவும், பிடித்தவருடன் நடக்கவும், கட்டிய இடத்தில் கலங்காமல் நிற்கவும் பழகுவதே தலைக்கயிற்றுப் பழக்கம். இலங்கையின் மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையான நானாட்டான், மாந்தை, முசலிப் பகுதிகளிலும் பட்டி மாடுகள் திறந்தவெளியில் மேய்ந்து வளர்பவை. காலபோக நெல் வயலில் நிற்கும் மாதங்களில் அவற்றைக் காட்டோரங்களுக்கும் தரவைகளுக்கும் ஓட்டிவிடுகிறார்கள். இப்படி வளரும் கன்றின் தலையில் மனிதக் கை படும் நாள்கள் மிகச் சில: சுருக்குப் போட்டு வீழ்த்திக் குறிசுடும் நாள், காதில் இலக்கத் தகடு குத்தும் நாள், தடுப்பூசிக்காக மடக்கிப் பிடிக்கும் நாள். அந்த நாகு பின்னர் தலையைத் தொட்டாலே உதறிப் பின்வாங்குவதை ‘முரட்டுச் சாதி’ என்று தள்ளிவிடுகிறோம். தலையில் கை பட்டால் வலிக்கும் என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. கற்றதை மாற்ற முடியும். அதற்கான வழி தலையிலிருந்து தொடங்குவதில்லை.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. சுற்றிலும் ஏறத்தாழ 330 பாகை வரை அது பார்க்கும். நேர் பின்னாலும் முகத்தை ஒட்டிய முன்புறத்திலும் பார்வை எட்டாத இடம் உண்டு. நெற்றியை நோக்கி நேரே நீளும் கை, கடைசி நொடியில் அந்த மறைவிடத்துக்குள் புகுந்துவிடுகிறது. போதாததற்கு, மாடுகள் தங்களுக்குள் நெற்றியை நெற்றியோடு மோதித்தான் வலிமை பார்க்கின்றன. ஆகவே நெற்றியைத் தள்ளி விளையாடுவது கன்றுக்கு முட்டப் பழக்குவதாகவே முடியும். கழுத்தின் கதை வேறு. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் இடங்களில் கழுத்து முக்கியமானது. ஆஸ்திரியாவில் கிளவுடியா ஷ்மீடும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பசுக்களின் கீழ்க்கழுத்தைத் தடவிக்கொடுத்தபோது அவை கழுத்தை நீட்டி நின்றதையும், பிறகு மனிதரைக் கண்டு விலகுவது குறைந்ததையும் காட்டியது. தலையைத் தொட்டால் அஞ்சும் நாகிடம் முதலில் செல்லவேண்டிய இடம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனவே பழக்குபவர் தோள் பக்கமாக, அது பார்க்கும்படி அணுகவேண்டும். தவிடோ பிண்ணாக்கோ தின்னும் வேளையில் தோளைத் தொட்டு, கழுத்தின் அடிப்பகுதிக்கு வந்து, தாடைக்கும் காதடிக்கும் மெல்ல நகரலாம். நாகு அசையாமல் நிற்கும்போதே கையை எடுக்கவேண்டும். உதறும் கணத்தில் எடுத்தால் உதறல்தான் பலன் தந்ததாகும். அந்த ஒரு பிழை பல நாள் உழைப்பைக் கெடுக்கும். கயிற்றுக்கும் இதே விதிதான். இழுவை கேள்வி, தளர்வு பதில். கயிற்றை மெல்ல இறுக்கிப் பிடித்து, நாகு ஓரடி முன்வைத்ததும் உடனே தளர்த்தினால், எதைச் செய்தால் அழுத்தம் நீங்கும் என்று அது விரைவில் கண்டுகொள்கிறது. இரண்டு பேர் கூடி இழுத்தால், எதிர்த்து இழுக்கவே கற்கிறது. நேரே இழுப்பதைவிடச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் அது கால் பெயர்ப்பது எளிது. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். நாள் தவறாமல் செய்வதே முக்கியம்.

மன்னார்க் கரையில் கைக்கு எளிதில் எட்டுவது மீன்பிடித் தொழிலில் கழித்த நைலோன் கயிறு. மெல்லியதாக இருந்தால் தோலை அறுக்கும். வழுக்கி இறுகிய முடிச்சு அவசரத்தில் அவிழாது. தடித்த தும்புக்கயிறோ பருத்திக்கயிறோ மேல். மூக்கின் மேல் வரும் பகுதி கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே எலும்பின் மீது இருக்கவேண்டும். கீழே இறங்கினால் மென்மையான பகுதியை நசுக்கி மூச்சை அடைக்கும். கட்டும்போது, நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சே போடவேண்டும். பழகாத நாகைக் கட்டிவிட்டு அகலக்கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்பு காதுக்குள் உண்ணி, தகடு குத்திய இடத்தில் புழுப்புண், கண்நோய், கொம்படிக் காயம், கால்வாய் நோயின் வாய்ப்புண் உண்டா என்று பார்ப்பது அவசியம். வலியுள்ள தலையை எந்தப் பயிற்சியும் பழக்காது. அங்கே தேவைப்படுபவர் கால்நடை வைத்தியர்.

மூக்குக் குத்திக் கயிறு கோத்தால் ஒரே நாளில் வேலை முடியுமே என்பது வலுவான மறுப்பு. உழவுக்கும் வண்டிக்கும் நின்ற எருதுகளுக்கு அது நியாயமாக இருந்திருக்கலாம். பால் கறக்கவும் சினைப்படுத்தவும் வளர்க்கும் நாகுக்கு அது மூக்கின் வலியால் வரும் அடக்கமே; கயிற்றை எடுத்தால் அச்சம் அப்படியே இருக்கும். நம் நாட்டு மாடு திமிலினம், ஐரோப்பிய ஆய்வுகள் இங்கே செல்லா என்பது இன்னொன்று. திமிலினம் கையாளும்போது அதிகம் மிரளும் என்பது உண்மையே. அதனால்தான் அதை இளவயதில் தொடவேண்டிய தேவை கூடுகிறது. பிரான்சில் அலென் புவாசியும் மரி-பிரான்ஸ் புயிசூவும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் மாதக்கணக்காகத் தொடர்ந்து கையாளப்பட்ட நாகுகள் பின்னர் மனிதரிடம் குறைவாகவே அஞ்சின.

பட்டியில் நிற்கும் அத்தனை மாட்டுக்கும் இதைச் செய்ய ஆள் ஏது என்ற கேள்விதான் மிகக் கனமானது. எல்லாவற்றுக்கும் செய்யவேண்டியதில்லை. பாலுக்கென நிறுத்தப்போகும் சில பெண்கன்றுகளைத் தெரிந்து, தாயிடம் பால் குடிக்கும் பருவத்திலேயே தொடங்கினால் ஒருவர் போதும். ஒரு வயது தாண்டினால் அதே வேலைக்கு இருவர் வேண்டும். 2020-இல் வடமாகாணத்தில் தலைகாட்டிய தோல் கழலை நோய் போன்றவை வரும் காலத்தில், கயிற்றுக்கு நிற்கும் மாட்டைத்தான் நாள்தோறும் பார்த்து மருந்திட முடியும். பட்டி வைத்திருப்போர் அடுத்துப் பிறக்கும் பெண்கன்றிலிருந்தே இதைத் தொடங்கவேண்டும்.