பன்றிக்கறிக்காக அழும் தாய்

பனி மூடிய ஒரு கிராமம். குதிரை வீரர்கள் கூட்டமா நிக்கிறாங்க. ஒரு பெண் துக்கத்துல இருக்கா. அவ முன்னாடி என்ன இருக்குன்னு உத்துப் பாருங்க. பன்றிக்கறி, பாலாடைக்கட்டி!

கறிக்கு யாராவது இப்படி அழுவாங்களா?

இடப்பக்கம் ஒரு தம்பதி ஒரு வீரன்கிட்ட மன்றாடுறாங்க. எதுக்கு? ஒரு வாத்துக்கு.

வார்டுல சிலர் "வலியெல்லாம் இல்ல டாக்டர்"னு சொல்லுவாங்க, ஆனா வயித்துல வச்ச கையை எடுக்க மாட்டாங்க. இந்த ஓவியமும் அப்படித்தான்.

வரைந்தவர் பீட்டர் புரூகல், 1565-67 வாக்கில். ஏரோது மன்னன் பெத்லகேமில் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பைபிள் கதை. அதைத் தன் காலத்து ஃபிளெமிஷ் கிராமத்துக்கே கொண்டு வந்துட்டார். அப்போ அந்த மண்ணை ஆண்டது ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். வீரர்கள் யாருன்னு ஊருக்குப் புரியாதா என்ன?

பின்னாடி ஓவியம் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ரூடால்ஃபிடம் போச்சு. அங்கதான் குழந்தைகள் மேல வண்ணம் பூசி வாத்து, கறி, மூட்டைன்னு மாத்தியிருக்கணும். படுகொலை வெறும் கொள்ளை ஆயிடுச்சு. ஆனா அழுறவங்க முகத்தையும் கையையும் மாத்த மறந்துட்டாங்க. இப்போ பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கும் அந்த ஓவியத்தில் இன்னமும் கறிதான். புரூகலோட மகன் வரைந்த நகல்களைப் பார்த்தால் குழந்தைகள் அப்படியே இருக்காங்க.

சுமார் 320 வருஷம் கழிச்சு, 1886இல், கெண்ட் நகரத்து இளைஞர் ஒருத்தர் இந்தக் காட்சியைச் சிறுகதையா எழுதினார். மாரிஸ் மேட்டர்லிங்க். பின்னாளில், 1911இல், நோபல் வாங்கினவர். எழுதினது பிரெஞ்சில், ஆனா ஊரும் பனியும் ஃபிளாண்டர்ஸ்தான். கதை நடக்கும் ஊர் பேர் நாசரேத். பைபிள் ஊர்னு நினைப்பீங்க. கெண்ட் பக்கத்துலயே அப்படி ஒரு கிராமம் நிஜமா இருக்கு! வீரர்கள் ஸ்பானியர்கள்னு நேராவே சொல்லிட்டார்.

எனக்குப் பிடிச்சது அவர் சொல்ற விதம். புலம்பல் இல்லை, கண்டனம் இல்லை. கேஸ் ஷீட் மாதிரி, கண்ணால் பார்க்க முடிஞ்சதை மட்டும் வரிசையா எழுதிட்டுப் போறார். புரூகலும் அப்படித்தான், யாரையும் பெருசாக்கிக் காட்டல. கொலை ஒரு மூலையில, வேடிக்கை பார்க்கிறவன் இன்னொரு மூலையில.

1890இல் மேட்டர்லிங்க் பார்வையற்றவர்களை வச்சு ஒரு நாடகமும் எழுதினார். புரூகலின் 1568 ஓவியத்துல வரிசையா விழுற ஆறு பார்வையற்றவர்கள் உடனே ஞாபகத்துக்கு வருவாங்க. அதுல ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் என்ன நோய்னு டாக்டர்கள் கட்டுரையே எழுதியிருக்காங்க. அது இன்னொரு திரெட்டுல.